ஜியூஐ ஆப்ல இருந்து சைல்ட் ப்ராசஸுக்கு இன்புட்: ஆர்க்யுமென்டா, பைப்பா, டெர்மினலா, சாக்கெட்டா?

ரெண்டு மாசத்துக்குள்ள மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோட வந்துட்டாங்க. மூணு பேருமே பெங்களூர்ல இருக்குற நம்ம ஆளுங்க, மூணு பேருமே சொந்தமா ஒரு டெஸ்க்டாப் ஆப் எழுதிட்டு இருக்காங்க, அந்த ஆப் உள்ளுக்குள்ள இன்னொரு ப்ரோக்ராம (அதத்தான் சைல்ட்னு சொல்றேன்) ஓட விட்டு அதுக்கு இன்புட் குடுக்கணும், எந்த வழில குடுக்குறதுன்னு தெரியாம நிக்குறாங்க.

ஒருத்தர் பெல்லந்தூர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் க்ளப் ஹவுஸ்ல சின்ன பசங்களுக்கு செஸ் சொல்லிக்குடுக்குற தம்பி. 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல குகேஷ் உலக சாம்பியன் ஆனதுக்கப்புறம் அவர் க்ளாஸ்ல உக்கார இடமே இல்ல, அதனால பசங்க வீட்ல பழகுறதுக்கு ஒரு ஆப், பின்னாடி ஸ்டாக்ஃபிஷ் இஞ்சின். இன்னொருத்தங்க ஹலசூர்ல இருக்குற ஒரு அக்கா, பழைய தமிழ் புத்தகங்கள ஸ்கேன் பண்ணி டெசராக்ட்ல எழுத்தாக்கி, ஹன்ஸ்பெல்ல பிழை பாத்து சேத்து வெக்கிறாங்க. மூணாவது ஒயிட்ஃபீல்டுல வேலை பாக்குற நண்பர், சர்வருக்கு பில்ட் ஏத்துற வேலைய ஒரு பட்டன்ல முடிக்கணும்னு எஸ்எஸ்எச்சையும் (தூரத்து மெஷின்ல நுழையுற கமாண்ட்) சூடோவையும் (sudo, அட்மின் அதிகாரத்தோட ஓட்டுற கமாண்ட்) ஆப்புக்குள்ள இருந்து ஓட்டப் பாக்குறார்.

கேள்வி ஒண்ணுதான், ஆனா மூணு பேருக்கும் பதில் வேற வேற. அது ஏன்னு விளக்கமா எழுதலாம்னுதான் இது, ஏன்னா இதுல தப்பான வழிய எடுத்துட்டா முதல் நாள் எல்லாம் ஓடும், பத்தாவது நாள் பெரிய ஃபைல் வந்ததும் ஆப் உறைஞ்சு நிக்கும், அப்ப எங்க தேடுறதுன்னே புரியாது.

## எத வெச்சு முடிவு பண்றது

பெரும்பாலானவங்க "என் ஆப் க்யூட்ல (Qt) இருக்கு, டாட்நெட்ல இருக்கு, எலக்ட்ரான்ல இருக்கு, எது ஒத்து வரும்"னு ஆரம்பிக்குறாங்க. எனக்கு அது தலைகீழா படுது. முடிவு பண்ண வேண்டியது அந்தப் பக்கம் இருக்குற சைல்ட் ப்ரோக்ராமோட குணத்த வெச்சு. அது எப்படி கேக்குதோ அப்படித்தான் நாம பேசியாகணும்.

நான் பாக்குற விஷயங்கள் இவ்வளவுதான். சைல்டோட சோர்ஸ் நம்ம கைல இருக்கா, இல்ல யாரோ எழுதினதா. இன்புட் ஒரே தடவை குடுத்து முடியுதா, இல்ல கேள்வி பதில்னு போயிட்டே இருக்குமா. சைல்ட் டெர்மினல் இருக்கான்னு பாத்து நடந்துக்குமா. அனுப்புறதுல பாஸ்வேர்டு மாதிரி ரகசியம் இருக்கா. எந்தெந்த ஓஎஸ்ல ஓடணும். கடைசியா, எல்லாரும் மறக்குறது: பாதில நிறுத்தணும்னா ஒழுங்கா எப்படி நிறுத்துறது.

இதுல பாதிக்கு பதில் டெர்மினல்ல ரெண்டு நிமிஷத்துல கிடைச்சுடும். சைல்ட டெர்மினல்ல ஓட்டுங்க, முன்னாடி எக்கோ போட்டு இன்புட்ட பைப் பண்ணுங்க (ஒரு ப்ரோக்ராமோட அவுட்புட்ட இன்னொண்ணோட இன்புட்ல நேரா ஊத்துறதுதான் பைப்), பின்னாடி கேட் கமாண்டுக்கு பைப் பண்ணுங்க. நீங்க எதிர்பாத்த பதில் அப்படியே வந்தா பைப் போதும். பதில் உடனே வராம ப்ரோக்ராம் முடியும்போது மொத்தமா கொட்டினா பஃபர் பிரச்னை (பதில உடனே அனுப்பாம சேத்து வெக்குறது) இருக்கு. நீங்க பைப்ல குடுத்தத கண்டுக்காம ஸ்க்ரீன்ல நேரா பாஸ்வேர்டு கேட்டா அது டெர்மினல தானே திறந்து படிக்குது, அதுகிட்ட பைப் செல்லாது. ஆப்ல ஒரு வரி எழுதுறதுக்கு முன்னாடி இத பண்ணிடுங்க.

அவசரமா இருக்குறவங்களுக்கு முதல்லயே டேபிள். அதுக்கு முன்னாடி நாலு வார்த்தை: ஸ்டிடின்னா ப்ரோக்ராம் இன்புட் படிக்குற வாசல், ஸ்டிடிஅவுட் பதில் எழுதுற வாசல், ஸ்டிடிஎர் எரர் எழுதுற வாசல். சூடோ டெர்மினல்னா (pseudo) பொய் டெர்மினல், சூடோ கமாண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. லோக்கல் சாக்கெட்னா ஒரே மெஷின்ல ரெண்டு ப்ரோக்ராம் பேசிக்குற இணைப்பு. ஃப்ளஷ்னா சேத்து வெச்சத உடனே வெளிய தள்ளுறது, டெட்லாக்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு காத்திருந்து நின்னு போறது.

| | ஆர்க்யுமென்ட் / ஃபைல் | ஸ்டிடின் பைப் | சூடோ டெர்மினல் | லோக்கல் சாக்கெட் |
|---|---|---|---|---|
| ஒரே தடவை இன்புட் | ரொம்ப நல்லது | நல்லது | தேவையில்ல | தேவையில்ல |
| தொடர்ந்து பேச்சு | முடியாது | நல்லது, சைல்ட் ஃப்ளஷ் பண்ணா | முடியும், பதில பிரிக்குறது கஷ்டம் | ரொம்ப நல்லது |
| அடுத்தவர் எழுதின சைல்ட் | ஆப்ஷன் இருந்தா சரி | பெரும்பாலும் சரி | கடைசி வழி | அதுலயே வசதி இருந்தாத்தான் |
| ரகசியம் | ஆர்க்யுமென்ட்ல கூடவே கூடாது | சரி | சரி | பெர்மிஷன் சரியா வெச்சா சரி |
| பைனரி டேட்டா | ஃபைல்னா சரி | சரி | கூடாது | சரி |
| விண்டோஸ் | சரி | சரி | விண்டோஸ் 10, 1809ல இருந்து | பெரும்பாலும் நேம்டு பைப்பா எழுதணும் |
| மறைஞ்சிருக்குற செலவு | கோட் குறி, நீள வரம்பு | டெட்லாக், பஃபர் | எக்கோ, கலர் கோடு | கனெக்ட் ஆகுற வரைக்கும் காத்திருக்குறது |

## ஆர்க்யுமென்டும் ஃபைலும்

இன்புட் எல்லாம் ஓட ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே தெரியும்னா வேற எதையும் யோசிக்காதீங்க, இதுதான். எஃப்எஃப்எம்பெக்க (வீடியோ மாத்துற ப்ரோக்ராம்) ஆப்புக்குள்ள இருந்து ஓட்டுறவங்க நிறைய பேர் மாட்டுற இடம் ஒண்ணு: அவுட்புட் ஃபைல் ஏற்கனவே இருந்தா அது மேல எழுதட்டுமான்னு கேட்டு நிக்கும், அந்தக் கேள்வி லைன் முடியாமலே ஸ்டிடிஎர்ல வரும், லைன் லைனா படிக்குற ஆப் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, ஆப் சும்மா சுத்திட்டே இருக்கும். அதுக்கு 'ஒய்'னு பைப்ல எப்படி அனுப்புறதுன்னு தேடுறாங்க. மைனஸ் ஒய்னு ஒரு ஆப்ஷன் குடுத்தா அந்தக் கேள்வியே வராது. சைல்ட் கேள்வி கேக்காம இருக்க வழி இருந்தா அதுதான் இருக்குறதுலயே நல்ல இன்புட்.

வரம்பு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. விண்டோஸ்ல ஒரு கமாண்ட் லைன் மொத்தமே 32,767 எழுத்து, சிஎம்டி வழியா போனா 8,191. லினக்ஸ்ல ஒரு ஆர்க்யுமென்ட் மட்டும் 128 கேபிய தாண்டக் கூடாது. அதுக்கு மேல போற விஷயம்னா டெம்ப் ஃபைல்ல எழுதி அந்த ஃபைலோட பாத்த (path) மட்டும் குடுங்க, முடிஞ்சதும் அழிச்சுடுங்க.

ஆர்க்யுமென்ட்ட லிஸ்ட்டா குடுங்க, ஒரே நீள ஸ்ட்ரிங்கா ஒட்டி ஷெல்லுக்கு (கமாண்ட பிரிச்சு ஓட்டுற ப்ரோக்ராம்) குடுக்காதீங்க. ஃபோல்டர் பேர்ல ஒரு ஸ்பேஸ் இருந்தாலே உடைஞ்சுடும், யாராவது ஃபைல் பேர்லயே கமாண்ட் எழுதி வெச்சா அது ஓடியும் போயிடும். பாஸ்வேர்ட மட்டும் ஆர்க்யுமென்ட்ல வெக்காதீங்க, லினக்ஸ்ல சாதாரணமா பிஎஸ் கமாண்ட் அடிக்குற எவருக்கும் அது தெரியும்.

## ஸ்டிடின் பைப்

பத்துக்கு எட்டு பேருக்கு இதுதான் பதில். எழுதுறதும் சுலபமா தெரியும்: சைல்ட ஆரம்பி, ஸ்டிடின்ல எழுது, ஸ்டிடிஅவுட்ல படி. கஷ்டம் எழுதுறதுல இல்ல, எப்ப மூடுறது, எப்ப படிக்குறதுங்கறதுல இருக்கு.

தம்பி ஆப்ல நடந்தத சொல்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போன் பண்ணி, "அண்ணே, ஸ்டாக்ஃபிஷ் ஏழு வயசு பையன்கிட்ட தோத்துடுச்சுண்ணே, லெவல குறைக்கவே இல்ல, முழு பலத்துல விட்டிருக்கேன்"னார். நேர்ல போய்ப் பாத்தேன். பையன் குதிரைய நகத்தி முடிக்கல, அதுக்குள்ள பதில் மூவ் வந்து நிக்குது. ரெண்டு செகண்ட் யோசிக்கச் சொல்லியிருக்கார், ஆனா அது யோசிக்கவே இல்ல. லாக் எடுத்துப் பாத்தா ஆழம் ஒண்ணு ரெண்டுலயே பெஸ்ட்மூவ்னு சொல்லிட்டு இஞ்சின் போயிடுது. காரணம் இதுதான்: பைதான்ல கம்யூனிகேட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, டெட்லாக் வராம இருக்க அதத்தான் டாக்குமென்டேஷனே சிபாரிசு பண்ணுது, தம்பி அத நம்பி ஒவ்வொரு மூவுக்கும் பொசிஷனையும் கோ (யோசிக்க ஆரம்பி) கமாண்டையும் அது வழியா அனுப்பியிருக்கார். கம்யூனிகேட் எழுதி முடிச்சதும் ஸ்டிடின மூடிடும். ஸ்டாக்ஃபிஷ் ஸ்டிடின் மூடினா அத க்விட் கமாண்டாவே எடுத்துக்கும். கோ வந்த கையோட க்விட்டும் வந்ததால யோசனைய நிறுத்திட்டு கைல இருந்த மூவ சொல்லிட்டு கிளம்பிடுச்சு.

இப்ப அக்காவோட டெசராக்ட்ட பாருங்க, நேரெதிர். அதுக்கு ஸ்கேன் இமேஜ ஸ்டிடின் வழியா குடுக்கலாம், ஆனா மூடினாத்தான் இமேஜ் முடிஞ்சுதுன்னு அதுக்குத் தெரியும், மூடலன்னா காலம் பூரா காத்துட்டே இருக்கும். ஒரு சைல்டுக்கு மூடினா செத்துது, இன்னொண்ணுக்கு மூடலன்னா நகராது. உங்க சைல்ட் இதுல எந்த ஜாதின்னு தெரிஞ்சுக்காம கோட் எழுத ஆரம்பிக்காதீங்க.

மூடினதும் சில சமயம் சைல்டுக்கு தகவல் போகாது. ஆப் ரெண்டு சைல்ட ஒரே நேரத்துல ஓட்டுதுன்னு வெச்சுக்கோங்க, முதல் சைல்டோட பைப் எழுதுற முனைய ரெண்டாவது சைல்ட் வாரிசா வாங்கி வெச்சிருக்கும், நீங்க உங்க பக்கம் மூடினாலும் அது கைல இன்னொரு முனை திறந்தே இருக்கும். பைதான் 3.4ல இருந்து இது தானா நடக்காத மாதிரி மாத்திட்டாங்க, சி-லயோ வின்32லயோ நேரா எழுதுறவங்க இன்னமும் கவனமா இருக்கணும்.

அடுத்தது டெட்லாக். அக்கா ஹன்ஸ்பெல்ல மைனஸ் ஏ-ன்னு பைப் மோடுல ஓட்டி முழு அத்தியாயத்தையும் ஒரே மூச்சுல எழுதிட்டு, அப்புறம் பதில படிக்கலாம்னு வெச்சிருந்தாங்க. ஒரு பக்கம் குடுத்தா ஓடுது, நாப்பது பக்க அத்தியாயம் குடுத்தா ஆப் அப்படியே வெளுத்துப் போய் நிக்குது. லினக்ஸ்ல ஒரு பைப் சாதாரணமா 65,536 பைட்தான் பிடிக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8ல மூணு பைட், அப்ப சுமார் 21,800 குறியீடுலயே பைப் நிறைஞ்சுடும், மெய்யெழுத்து மேல வர்ற புள்ளி, துணைக்கால் எல்லாம் தனித்தனி குறியீடுன்னு சேத்துப் பாத்தா அது அப்படி ஒண்ணும் பெரிய அளவு இல்ல. ஹன்ஸ்பெல் பதில் எழுதப் பாக்குது, ஸ்டிடிஅவுட் பைப் நிறைஞ்சிருக்கு, யாரும் படிக்கல, அது நிக்குது. அது நின்னதால ஸ்டிடின் பைப்பும் நிறையுது, அக்காவோட ஆப் எழுதப் பாத்து அதுவும் நிக்குது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துட்டு நிக்குது. அதுவும் ஜன்னல வரையுற அதே த்ரெட்ல இது நடந்ததால ஜன்னலும் உறைஞ்சுது. விண்டோஸ்ல அஞ்சு செகண்ட் ஜன்னல் பதில் சொல்லலன்னாலே ஓஎஸ் அத தொங்கிப் போனதா முத்திரை குத்திடும்.

ஸ்டிடிஎர்ர மறக்குறதும் இதே நோய்தான். அத பைப்பா வாங்கிட்டு படிக்காம விட்டா, வார்னிங்கா கொட்டுற ப்ரோக்ராம் ஒரு நாள் அதுலயே நிறைஞ்சு நிக்கும். தேவையில்லன்னா ஸ்டிடிஅவுட்டோட சேத்துடுங்க, இல்ல நல் (null) டிவைஸுக்கு அனுப்பி தூக்கிப் போட்டுடுங்க.

தீர்வு என்னன்னா எழுதுறதும் படிக்குறதும் ஒண்ணுக்கொண்ணு காத்திருக்காம நடக்கணும். க்யூட்ல க்யூப்ராசஸ் இத ஈவென்ட் லூப் வச்சே பாத்துக்குது, நீங்க ரைட் கூப்பிட்டா அது தன் பஃபர்ல வாங்கி வெச்சுட்டு லூப் திரும்பினதும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளும், பதில் வந்தா ரெடிரீடு சிக்னல் வரும், மூட க்ளோஸ்ரைட்சேனல். ஆனா அதே க்யூப்ராசஸ்ல வெயிட்ஃபார்ஃபினிஷ்டு கூப்பிட்டு ஜன்னல் த்ரெட்ட கட்டிப் போட்டா மறுபடி பழைய கதைதான். டாட்நெட்ல ஷெல்எக்ஸிக்யூட்ட ஆஃப் பண்ணி ரீடைரக்ட் ஆன் பண்ணணும், படிக்க ஈவென்ட் இருக்கு, ஆனா அந்த ஈவென்ட் முழு லைன் வந்தாத்தான் கூப்பிடும். லைன் முடியாம "பெயர்: "னு கேட்டு நிக்குற சைல்டுக்கு நீங்க ஸ்ட்ரீம நேரா எழுத்து எழுத்தா படிச்சாகணும்.

பஃபர் கதை தனி. லினக்ஸ்ல சி ப்ரோக்ராம் பலதும் டெர்மினல பாத்தா ஒவ்வொரு லைனுக்கும் அவுட்புட்ட வெளிய தள்ளும், பைப்ப பாத்தா சில கேபி சேர்ற வரைக்கும் மடியில வெச்சுக்கும். நீங்க கேள்வி அனுப்பிட்டு பதிலுக்கு காத்திருக்கீங்க, பதில் அது மடியில இருக்கு, அது உங்க அடுத்த கேள்விக்கு காத்திருக்கு. சோர்ஸ் உங்க கைல இருந்தா ஒவ்வொரு பதிலுக்கும் பின்னாடி ஒரு ஃப்ளஷ் போடுங்க, முடிஞ்சுது. பைதான் ஸ்க்ரிப்ட்னா மைனஸ் யூ போட்டு ஓட்டுங்க. அடுத்தவர் ப்ரோக்ராம்னா லினக்ஸ்ல ஸ்டிடிபஃப் மைனஸ் ஓஎல்னு ஒண்ணு இருக்கு, ஆனா ஸ்டாட்டிக்கா லிங்க் பண்ண ப்ரோக்ராம்கிட்ட அது பலிக்காது. நீங்க அனுப்புற பக்கமும் லைன் கடைசில நியூலைன் போட்டு ஃப்ளஷ் பண்ணுங்க, என்கிட்ட வந்த "சைல்ட் கேக்கவே மாட்டேங்குது" கேஸ்ல பாதி நியூலைன் விட்டுப்போனதுதான்.

நம்ம ஆளுங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. படிக்கும்போது டேட்டா துண்டு துண்டா வரும், ஒரு துண்டு 4,096 பைட்னா அத மூணால வகுத்தா ஒண்ணு மிச்சம். அதாவது ஒரு தமிழ் எழுத்து நடுவுல வெட்டுப்பட்டு பாதி இந்தத் துண்டுலயும் மீதி அடுத்த துண்டுலயும் வரும். ஒவ்வொரு துண்டையும் தனியா ஸ்ட்ரிங்கா மாத்தினா அங்கங்க கேள்விக்குறி கட்டம் முளைக்கும், இங்கிலீஷ வெச்சு டெஸ்ட் பண்றவங்களுக்கு இது வரவே வராது. மிச்ச பைட்ட ஞாபகம் வெச்சுக்குற டிகோடர பயன்படுத்துங்க, இல்ல பைட்டாவே சேத்து வெச்சு நியூலைன் வந்ததும் மாத்துங்க. விண்டோஸ்ல அனுப்புற பக்கமும் யூடிஎஃப்-8னு நீங்களே வாய் திறந்து சொல்லணும், டாட்நெட்ல அதுக்குன்னு ஸ்டாண்டர்டுஇன்புட்என்கோடிங் இருக்கு, அதுலயும் பிஓஎம் (ஆரம்பத்துல ஒட்டுற அடையாள பைட்) இல்லாத யூடிஎஃப்-8ஆ குடுங்க, இல்லன்னா முதல் லைனுக்கு முன்னாடி மூணு பைட் ஒட்டிக்கிட்டுப் போய் சைல்டுக்கு முதல் கமாண்ட் மட்டும் புரியாம போகலாம்.

இவ்வளவு சொன்னதுக்கப்புறமும் நான் பைப் பக்கம்தான். செஸ் இஞ்சின்களோட யூசிஐ (ஆப்பும் இஞ்சினும் பேசிக்குற விதிமுறை) 2000ல இருந்து இது மேலதான் ஓடுது. இஸ்ரெடின்னு கேட்டா ரெடிஓகேன்னு பதில், யோசிச்சுட்டு இருக்கும்போது ஸ்டாப் அனுப்பினாலும் கேட்டாகணும்னு விதி. எடிட்டர்கள் கோட் கம்ப்ளீஷனுக்கு லேங்க்வேஜ் சர்வரோட பேசுறதும் பெரும்பாலும் ஸ்டிடின், ஸ்டிடிஅவுட் மேலதான், ஒவ்வொரு மெசேஜுக்கு முன்னாடியும் எத்தன பைட்னு நீளத்த சொல்லிட்டு ஜேசன் (JSON) வடிவத்துல மெசேஜ் வரும். எது வரைக்கும் ஒரு மெசேஜ்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா பைப் மாதிரி நம்பகமானது இல்ல.

நிறுத்துற விஷயத்துலயும் பைப் கை குடுக்கும். எஃப்எஃப்எம்பெக் எம்பி4 எழுதிட்டு இருக்கும்போது கில் பண்ணா ஃபைலோட அட்டவணை எழுதப்படாம வீடியோ ஓடாமலே போயிடும், அதுக்கு பதிலா ஸ்டிடின்ல க்யூன்னு ஒரு எழுத்து அனுப்பினா அது வரைக்கும் எழுதினத ஒழுங்கா முடிச்சுட்டு வெளிய வரும். விண்டோஸ்ல க்யூப்ராசஸோட டெர்மினேட் ஒரு ஜன்னல் மெசேஜ்தான் அனுப்புது, கன்சோல் ப்ரோக்ராம் பெரும்பாலும் அத கவனிக்காது, அங்க மரியாதையா நிறுத்த ஸ்டிடின விட்டா வேற நல்ல வழி குறைவு.

## சூடோ டெர்மினல்

சைல்ட் டெர்மினல் வேணும்னு அடம் பிடிச்சா அதுக்கு ஒரு பொய் டெர்மினல் செஞ்சு குடுக்கலாம். லினக்ஸ்லயும் மேக்லயும் ஓபன்பிடிஒய், ஃபோர்க்பிடிஒய், விண்டோஸ்ல 2018ல வந்த விண்டோஸ் 10 1809ல இருந்து கான்பிடிஒய். அதுக்கு முன்னாடி வின்பிடிஒய்னு சுத்தி வளைச்சுதான் பண்ணாங்க. விஎஸ் கோடுக்குள்ள திறக்குற டெர்மினலுக்கு கீழ இருக்குறதும் இந்த நுட்பம்தான்.

இதுல லாபம் என்னன்னா பஃபர் தொல்லை போயிடும், சைல்ட் டெர்மினல்னு நம்பி லைன் லைனா பேசும். மதிப்பு 3 உள்ள ஒரு பைட் அனுப்பினா கன்ட்ரோல்-சி அடிச்ச மாதிரி, மதிப்பு 4 உள்ளத அனுப்பினா கன்ட்ரோல்-டி.

அந்த லாபமே செலவும் கூட. நீங்க அனுப்புற டேட்டாக்குள்ள மூணுங்குற பைட் தற்செயலா இருந்தா சைல்ட் இன்டரப்ட் ஆகி நின்னுடும், அதனால இமேஜ் மாதிரி பைனரிய இது வழியா அனுப்பவே கூடாது. நீங்க எழுதினது எக்கோ ஆகி அவுட்புட்லயே திரும்பி வரும், அத பதில்னு நினைச்சுடக் கூடாது. லினக்ஸ்ல சாதாரண லைன் மோடுல ஒரு லைன் 4,096 பைட்டுக்கு மேல போனா மீதி காணாம போயிடும், நீளமா ஒரே லைன் ஜேசன் அனுப்புறவங்க இதுல மாட்டுறாங்க. டெர்மினல பாத்ததும் சைல்ட் கலர் கோடு போடும், ப்ரோக்ரஸ் பார் வரையும், கிட் லாக் (git log) ஓட்டினா பேஜர (பக்கம் பக்கமா காட்டுற ப்ரோக்ராம்) திறந்து ஸ்பேஸ் அடிங்கன்னு நிக்கும். கான்பிடிஒய் சைல்ட் எழுதின பைட்ட அப்படியே தராது, ஸ்க்ரீன் எப்படி இருக்கணுமோ அத திருப்பி வரைஞ்சு தரும். மனுஷன் கண்ணால பாக்க அது போதும், ப்ரோக்ராம் பிரிச்சுப் படிக்க அது துன்பம்.

ஆகவே இத எப்ப எடுக்கலாம்னா, உங்க ஆப்புக்குள்ள ஒரு டெர்மினலயே காட்டணும், யூசர் அதுல தானே டைப் பண்ணணும்னா கண்டிப்பா இதுதான், நல்ல டெர்மினல் விட்ஜெட் ஒண்ண சேத்துக்கோங்க. ஆள் இல்லாம ஆட்டோமேட் பண்ணணும்னா எக்ஸ்பெக்ட், பைதான்ல பிஎக்ஸ்பெக்ட் இருக்கு, ஆனா கேக்குற வாசகத்துல ஒரு வார்த்தை அடுத்த வெர்ஷன்ல மாறினாலும் உங்க ஆப் நின்னுடும். அந்தப் பயத்தோடவே வாழணும்.

பாஸ்வேர்டுக்காக மட்டும் இங்க வந்தவங்க கொஞ்சம் நில்லுங்க. எஸ்எஸ்எச் பாஸ்வேர்ட ஸ்டிடின்ல படிக்காம டெர்மினல நேரா திறந்து படிக்குறது வேணும்னே பண்ணது. ஆனா அதுவே ஒரு பக்க வாசலும் குடுத்திருக்கு: எஸ்எஸ்எச் ஆஸ்க்பாஸ்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள்ல உங்க சின்ன உதவி ப்ரோக்ராமோட பாத் குடுத்தா அத ஓட்டி பாஸ்வேர்ட வாங்கிக்கும், ஓபன்எஸ்எஸ்எச் 8.4ல இருந்து ஆஸ்க்பாஸ் ரெக்வயர்னு இன்னொண்ணு வெச்சு கட்டாயமாவே அந்த வழில வர வெக்கலாம். சூடோவுக்கு மைனஸ் பெரிய எஸ் குடுத்தா ஸ்டிடின்ல படிக்கும். இந்த மாதிரி வாசல் இருக்கான்னு மேன் பேஜ்ல தேடிட்டு அப்புறம் டெர்மினல் வேஷம் போடுங்க.

## லோக்கல் சாக்கெட், நேம்டு பைப்

சைல்ட் உங்க கோடுன்னா, அதுவும் ஆப் மூடி மறுபடி திறந்தாலும் சைல்ட் ஓடிட்டே இருக்கணும், இல்ல ரெண்டு ஜன்னல் ஒரே சைல்டோட பேசணும்னா இது நல்ல வழி. ஸ்டிடிஅவுட்ல சைல்ட் விடுற கண்ட கண்ட பிரிண்ட்டும் உங்க மெசேஜும் கலக்காது, அது ஒண்ணே பெரிய நிம்மதி. அடுத்தவர் ப்ரோக்ராம்ல எம்பிவி ப்ளேயர் நல்ல உதாரணம், இன்புட் ஐபிசி சர்வர்னு ஆப்ஷன் குடுத்தா சாக்கெட்ட திறந்து வெச்சு ஒரு லைனுக்கு ஒரு ஜேசன் கமாண்ட்னு கேக்கும்.

செலவு: சைல்ட் சாக்கெட்ட திறக்குற வரைக்கும் நீங்க மறுபடி மறுபடி கனெக்ட் பண்ணிப் பாக்கணும், செத்துப் போன பழைய சாக்கெட் ஃபைல் டிஸ்க்ல கிடந்தா அழிக்கணும், லினக்ஸ்ல அந்த பாத் 108 பைட்டுக்குள்ள அடங்கணும். சுலபமா இருக்கேன்னு டிசிபி போர்ட் எடுத்தீங்கன்னா அதே மெஷின்ல இருக்குற வேற யூசரும் அதுல கனெக்ட் பண்ணலாம், ஒரு டோக்கன் வெச்சு யாருன்னு கேக்காம கமாண்ட வாங்கிக்காதீங்க.

## கீபோர்டு அடிக்குற மாதிரி நடிக்குறது

சைல்டோட ஜன்னல முன்னாடி கொண்டு வந்து சென்ட்இன்புட்லயோ எக்ஸ்டூடூலுலயோ கீ அடிக்குறது. வேண்டாம். வேலண்ட்ல (லினக்ஸ்ல ஜன்னல்கள காட்டுற புது முறை) ஒரு ஆப் இன்னொரு ஆப்புக்கு கீ அனுப்புறத சும்மா விடாது, மேக்ல தனி பெர்மிஷன் கேக்கும். அது கூட பரவால்ல, நீங்க பாஸ்வேர்ட அனுப்புற அந்த அரை செகண்ட்ல யூசர் சாட் ஜன்னல க்ளிக் பண்ணா பாஸ்வேர்ட் அங்க போய் விழும், என்டரும் சேந்தே போகும். சோர்ஸும் இல்லாம, கமாண்ட் லைனும் இல்லாம, ஜன்னல் மட்டுமே இருக்குற ஒரு பழைய விண்டோஸ் சாஃப்ட்வேருக்கு வேற கதியே இல்லன்னாத்தான் இது.

## மூணு பேரும் எத எடுத்தாங்க

தம்பி பைப்லயே இருக்கார், ஆனா கம்யூனிகேட்ட தூக்கிட்டு க்யூப்ராசஸுக்கு மாறிட்டார். ஆப் திறக்கும்போது ஒரு தடவை ஸ்டாக்ஃபிஷ ஆரம்பிச்சு, ஸ்டிடின திறந்தே வெச்சு, ஒவ்வொரு மூவுக்கும் பொசிஷன், கோ, பெஸ்ட்மூவ் வர்ற வரைக்கும் கேட்டுட்டே இருக்குறது. பையன் மூவ திரும்ப எடுத்தா ஸ்டாப் அனுப்பி, அதுக்கு வர்ற பெஸ்ட்மூவ வாங்கி கீழ போட்டுட்டு அடுத்தத அனுப்பணும், இத விட்டா பழைய பதில் புது போர்டுல வந்து உக்காந்துக்கும். அதுக்கு ஒரு சாயங்காலம் பூரா ஆச்சு.

அக்கா டெசராக்ட்டுக்கு ஃபைல் பாத்துக்கே போயிட்டாங்க, ஸ்கேன் ஏற்கனவே டிஸ்க்ல இருக்கு, அத எதுக்கு பைப்ல ஊத்தணும். ஹன்ஸ்பெல்லுக்கு மட்டும் பைப், படிக்குறதுக்கு தனி த்ரெட். ஒவ்வொரு லைன் முன்னாடியும் கேரட் எழுத்து (^) ஒண்ணு சேத்து அனுப்பச் சொன்னேன், ஏன்னா இந்த மோடுல லைன் ஆரம்பத்துல நட்சத்திரமோ ஆச்சரியக்குறியோ வந்தா ஹன்ஸ்பெல் அத கமாண்டா எடுத்துக்கும், பழைய புத்தகத்துல அடிக்குறிப்பு எல்லாம் நட்சத்திரத்துலதான் ஆரம்பிக்குது.

ஒயிட்ஃபீல்டு நண்பர் ரெண்டு வாரம் டெர்மினல் வேஷத்தோட மல்லுக்கட்டிட்டு கடைசில பாஸ்வேர்டயே விட்டுட்டார். எஸ்எஸ்எச்சுக்கு கீ (பாஸ்வேர்டுக்கு பதிலான சாவி ஃபைல்) வெச்சு, அத ஞாபகம் வெச்சுக்குற ஏஜென்ட்ல ஏத்தி, சர்வர்ல அந்த ஒரு டிப்ளாய் ஸ்க்ரிப்டுக்கு மட்டும் சூடோல பாஸ்வேர்ட் கேக்காத மாதிரி அட்மின்கிட்ட கேட்டு வாங்கிட்டார். இப்ப எஸ்எஸ்எச்ச பேட்ச்மோட் ஆன் பண்ணி ஓட்டுறார், அதுல எஸ்எஸ்எச் எதுவும் கேட்டு நிக்காது, கீ சரியில்லன்னா உடனே எரர் குடுத்து வெளிய வந்துடும், ஆப் அந்த எரர சிவப்புல காட்டிடும்.